கைப்பையிலிருந்து ஓடும் பள்ளிக்கூடம்

என் தோழி ஒருத்தி ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை. தன் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். போன தை மாதம் பேருந்து நிறுத்தத்தில் சில்லறை எடுப்பதற்காக அவளுடைய கைப்பையைத் திறந்தேன். ஒரு பாட்டில் பினாயில், இரண்டு பெட்டி சாக்பீஸ், பெரிய பூட்டு ஒன்று, பிள்ளைகளின் ஆதார் நகல்கள், ஐந்தாம் வகுப்பிலேயே வயசுக்கு வந்துவிடுகிற பிள்ளைகளுக்கென்று ஒரு பாக்கெட் நாப்கின். எல்லாவற்றுக்கும் அடியில் நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று.

நோட்டில் தேதி வாரியாகக் கணக்கு இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு வால்வு, கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள், மின்விசிறிக்குக் கண்டன்சர், ஆண்டு விழாவுக்கு மைக் செட், துடைப்பம், வாளி, பதிவேடு ஜெராக்ஸ். வலப்பக்க ஓரத்தில் தொகை. எல்லாம் அவளுடைய சம்பளத்திலிருந்து போனது.

"யாருக்குட்டி இந்தக் கணக்கு காட்டப் போற? ஏ.இ.ஓ.வுக்கா?" என்று கேட்டேன்.

"அவ்வோ எதுக்குக் கேக்கப் போறாவ? எங்க வீட்லதான் கேப்பாவ. சம்பளத்துல மாசாமாசம் எங்க குறையுதுன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பேருந்து ஆழ்வார்திருநகரி தாண்டும்போது சிரிப்பு போய்விட்டது. தான் சம்பாதித்த காசுக்கு வீட்டில் கணக்கு ஒப்பிக்க வேண்டியிருக்கிற ஒரு பெண்தான் ஒரு அரசுப் பள்ளியை நடத்தத் தன் காசைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அரசுக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை, கணவருக்குத் தேவைப்படுகிறது. நம் கல்வி நிதியைப் பற்றி நான் எழுத நினைத்த கட்டுரை அந்த நோட்டிலேயே இருந்தது.

அந்தக் கல்வியாண்டுக்கான கூட்டுத்தொகையை நான் போட்டுப் பார்த்தேன். 14,600 ரூபாய் வந்தது. அவள் பள்ளியில் 27 பிள்ளைகள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் (எல்லோரும் சமக்ர சிக்‌ஷா என்று சொல்வது) விதிப்படி 30 பேர் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டு மானியம் 10,000 ரூபாய். 31 முதல் 100 பேர் வரை 25,000. 250 வரை 50,000. ஆயிரம் வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். இந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைக்குச் செலவிட வேண்டும் என்பதும் விதி.

பத்தாயிரத்தை 365ஆல் வகுத்தால் நாளுக்கு 27 ரூபாய். தூய்மைக்கான பங்கு ஆண்டுக்கு ஆயிரம், அதாவது மாதம் 83 ரூபாய் சில்லறை. ஒரு கழிப்பறையை மாதம் 83 ரூபாயில் நாற்றமில்லாமல் வைத்திருக்க முடியும் என்று நம்பி விதி எழுதியவர் யாராக இருந்தாலும், அவர் வீட்டில் கக்கூஸ் கழுவியவர் அல்ல. அந்த 83 ரூபாய்க்கும் உண்மையான செலவுக்கும் நடுவே உள்ள பள்ளத்தைத்தான் என் தோழியின் கைப்பை நிரப்புகிறது.

ஆக, அரசுப் பள்ளிகளுக்கு இரண்டு வரவு செலவுத் திட்டங்கள் இருக்கின்றன. ஒன்று சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் வாசிக்கப்படுவது. அதைப் பற்றித் தொலைக்காட்சியில் ஆண்கள் விவாதிப்பார்கள். மற்றொன்று பெண்களின் கைப்பையிலும் முதுகிலும் எழுதப்படுவது, யாரும் வாசிக்காதது. முதல் திட்டத்தில் ஒரு ரூபாய் குறைந்தால் இரண்டாவதில் ஒரு ரூபாய் ஏறுகிறது. இதைச் சேவை, தியாகம், தாயுள்ளம் என்றெல்லாம் அழைப்பதை நாம் நிறுத்த வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இது வரி. பெண்கள் மீது மட்டும் விதிக்கப்பட்டு, ரசீது கொடுக்கப்படாத வரி.

முதல் திட்டத்தில் என்ன குறைந்தது என்று பார்ப்போம்.

2024-25இல் தமிழ்நாட்டுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட தொகை 3,586 கோடி ரூபாய். இதில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, அதாவது 2,152 கோடி. மீதி மாநிலத்தினுடையது. அந்த நிதியாண்டு முடியும்வரை ஒன்றியப் பங்கிலிருந்து ஒரு ரூபாய்கூட விடுவிக்கப்படவில்லை. காரணம், பி.எம். ஸ்ரீ பள்ளிகள் திட்டத்துக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. கையெழுத்திட்டால் 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்றதாகும். பி.எம். ஸ்ரீ என்பது நாடு முழுவதற்கும் 14,500 பள்ளிகள்வரை எடுத்து மாதிரிப் பள்ளிகளாக்கும் திட்டம். ஒருங்கிணைந்த கல்வித் திட்டமோ எல்லாப் பள்ளிகளுக்குமானது. சிலவற்றுக்கான திட்டத்தில் சேரவில்லை என்பதற்காக எல்லாவற்றுக்குமான பணம் நின்றது. 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2025 பிப்ரவரியில், கொள்கையை ஏற்காதவரை நிதி கிடையாது என்ற பொருளில் ஒன்றியக் கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் பேசினார். 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், வட்டியோடு சேர்த்து 2,291 கோடி கேட்டது.

இந்தச் சண்டையை மும்மொழி, இருமொழி என்றே பேசித் தீர்த்தோம். நான் தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள், தமிழ் கற்பித்துச் சோறு தின்கிறவள். மொழிக் கொள்கையில் என் பக்கம் எது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஆனால் நின்றுபோன பணத்துக்குள் என்னென்ன இருந்தன என்று நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? படிப்பை விட்ட பெண்பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிவந்து படிக்கவைக்கும் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா உறைவிடப் பள்ளிகள் அதற்குள் இருந்தன. மாற்றுத்திறனாளிப் பெண்பிள்ளைகளுக்கு மாதம் 200 ரூபாய் உதவித்தொகை இருந்தது. சிறப்பு ஆசிரியர்களின் ஊதியம், தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கான போக்குவரத்துப் படி, பெண்பிள்ளைகளுக்கான தற்காப்புப் பயிற்சி, என் தோழியின் பள்ளிக்கான அந்தப் பத்தாயிரம், எல்லாமே அதற்குள்தான்.

தேசியக் கல்விக் கொள்கை 2020இன் ஆவணத்தை எடுத்துப் படியுங்கள். பெண்பிள்ளைகளின், திருநர்களின் கல்விக்கென 'பாலின உள்ளடக்க நிதியம்' ஒன்று அமைக்கப்படும் என்று அதில் எழுதியிருக்கிறது. பெண் கல்விக்குத் தனி நிதி தருவதாக உறுதி சொல்லும் கொள்கையின் பெயரால், ஏற்கெனவே பெண் கல்விக்குப் போய்க்கொண்டிருந்த நிதி நிறுத்தப்பட்டது. ஒரு ஆண் வீட்டுச் செலவுக்குப் பணம் கொடுக்காமல், "நான் சொன்னதுக்குத் தலையாட்டு, அப்புறம் தாரேன்" என்று சொன்னால் அதற்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம்? குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 அதைப் பொருளாதார வன்முறை என்கிறது. வீட்டுக்குள் நடந்தால் வன்முறையாக இருப்பது, தில்லிக்கும் சென்னைக்கும் இடையே நடந்தால் எப்படிக் கூட்டாட்சி நிர்வாகம் ஆகிறது?

இன்னொன்றும் உண்டு. என் சம்பளச் சீட்டில் வருமான வரியின் மேல் 4 விழுக்காடு 'சுகாதாரம் மற்றும் கல்வி' மேல்வரி பிடிக்கிறார்கள். 2004இல் 2 விழுக்காடாகத் தொடங்கி 2018இல் நான்கானது இது. மேல்வரி என்பதால் மாநிலங்களோடு பகிர வேண்டிய வரித் தொகுப்புக்குள் வராது. 1976இல் நெருக்கடி நிலைக் காலத்தில் 42ஆவது திருத்தத்தால் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனது. அதிகாரம் பொதுவானது. பணம் வரும் வழி மட்டும் ஒரு கையிலேயே இருக்கிறது. கல்விக்கென்று என்னிடம் வாங்கிய காசு, ஒரு கையெழுத்து இல்லை என்பதால் என் ஊர்ப் பள்ளிக்கு வராமல் போகலாம் என்றால், என்னிடம் அதைக் கல்வியின் பெயரால் வாங்கக் கூடாது.

இதுவரை படித்துவிட்டு, மாநில அரசின் ஆதரவாளர்கள் யாராவது கைதட்டினால் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறேன். ஒன்றியப் பணம் வராத ஆண்டில் சம்பளங்களைத் தன் நிதியிலிருந்து கொடுத்து மாநில அரசு பள்ளிகளைத் தாங்கியது உண்மை. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறைக்கு 46,767 கோடி ஒதுக்கியதும் உண்மை. காலை உணவுத் திட்டத்தை நான் கண்ணால் பார்த்தவள். பசியோடு வந்து முதல் பாடவேளையில் தூங்கி விழும் பிள்ளைகள் இப்போது குறைந்திருக்கிறார்கள். அதற்காக யாரை வேண்டுமானாலும் பாராட்டுவேன்.

ஆனால் அந்த அடுப்பில் யார் நிற்கிறாள் என்று பாருங்கள். காலை உணவைச் சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். மதிய உணவுக்கு 8,997 சமையல் உதவியாளர் பணியிடங்களை நிரப்ப அரசு ஆணை போட்டது. தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய். ஓராண்டு திருப்திகரமாக வேலை பார்த்தால் அதன்பின் சிறப்புக் காலமுறை ஊதியம். மூவாயிரம் என்றால் நாளுக்கு நூறு ரூபாய். அதே ஊரில் நூறு நாள் வேலைக்கு 2025-26க்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். அடுப்பில் வெந்து, பாத்திரம் தேய்த்து, அரிசி மூட்டை தூக்கும் பெண்ணுக்கு, கம்மாய்க் கரையில் மண் அள்ளும் பெண்ணின் கூலியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

கணக்குப் போடலாம். 8,997 பேருக்கு மாதம் 3,000 வீதம் ஆண்டுக்கு 32 கோடி ரூபாய் சொச்சம். அதையே மாதம் 12,000 ஆக்கினால் ஏறத்தாழ 130 கோடி. கூடுதலாகத் தேவைப்படுவது 97 கோடி. சத்துணவு சமூக நலத் துறையின் கணக்கில் வருவது எனக்குத் தெரியும். அளவு புரிவதற்காகச் சொல்கிறேன்: பள்ளிக் கல்விக்கு ஒதுக்கிய தொகையோடு ஒப்பிட்டால் இது ஆயிரத்தில் இரண்டு பங்கு. இல்லாத பணம் இல்லை இது. பெண் என்றால் குறைவாகக் கொடுத்தாலும் வருவாள் என்று தெரிந்து மிச்சம் பிடித்த பணம்.

பகுதிநேர ஆசிரியர்களைப் பாருங்கள். ஓவியம், தையல், இசை, உடற்கல்வி, கணினி கற்பிக்க 2012இல் 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து அது 12,500 ஆகியிருந்தது. அதுவரை மே மாதத்துக்குச் சம்பளம் கொடுக்கப்படவில்லை, மே மாதத்தில் அவர்களுக்குப் பசிக்காது என்பதுபோல. பணி நிரந்தரம் செய்வோம் என்று 2021 தேர்தல் வாக்குறுதியில் எழுதிக் கொடுத்தவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். நான் அறிந்த தையல் டீச்சர் ஒருவர் கோடையில் திருச்செந்தூர் சாலையில் ஒரு ஜவுளிக் கடையில் நிற்கிறார். கடைக்கு வரும் மாணவிகள், "டீச்சர், நீங்களா?" என்று கேட்கும்போது, "தெரிஞ்சவுக கட, சும்மா வந்தேன்" என்று சொல்வாராம். இந்தப் பொய்யைச் சொல்லவைத்தது எந்த அரசு என்று கேட்டால் இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று கைகாட்டும்.

என் அம்மா சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராக இருந்தவள். ஊரில் 'ஆயா' என்பார்கள். நான் அதே பள்ளியில் படித்தேன். 1956இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை எங்கள் மாவட்டத்து எட்டயபுரத்தில் தொடங்கினார் என்பதும், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார் என்பதும் பாடப்புத்தகத்தில் இருக்கும். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தச் சோற்றை வடித்த கை என் அம்மாவுடையது என்பது பாடப்புத்தகத்தில் இல்லை. அவளுடைய வலக்கை மணிக்கட்டில் கஞ்சி கொட்டிய தழும்பு இன்னும் இருக்கிறது. வேலையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு பல ஆண்டுகள் அவள் வாங்கியது மாதம் 2,000 ரூபாய் சிறப்பு ஓய்வூதியம். வங்கியில் கைநாட்டு வைக்க மாட்டாள், கையெழுத்துத்தான் போடுவாள். பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருஷம் இருந்தவள் கைநாட்டு வைக்கலாமா என்பாள்.

எங்கள் ஊரில் ஒரு கோட்டை இருந்தது. கோட்டைப் பிள்ளைமார் என்ற சமூகத்தார் மண் சுவர் எழுப்பி அதற்குள் வாழ்ந்தார்கள். அந்தச் சமூகத்துப் பெண்கள் வாழ்நாளெல்லாம் சுவரைத் தாண்டாமல் இருந்தார்கள். வேற்று ஆண்கள் உள்ளே போக முடியாது. மானுடவியலாளர் கமலா கணேஷ் அந்தப் பெண்களைப் பற்றி நூலே எழுதியிருக்கிறார். 1970களில் அந்த வாழ்க்கை கலைந்தது. சுவருக்கு வெளியே வயலில் உழைத்த பெண்களுக்குச் சுவர் இல்லை. பள்ளிக்கூடமும் இல்லை. குமரகுருபரர் பிறந்த ஊரும் இதுதான். ஐந்து வயதுவரை பேசாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் திருச்செந்தூர் போன கதையை எங்களுக்கு எல்லோரும் சொன்னார்கள். ஆண்பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்றால் செந்தூர்வரை போவார்கள். பெண்பிள்ளை பேசாமல் இருந்தால் அடக்கமான பிள்ளை என்பார்கள். இந்த மண்ணில் என்னைப் போன்றவளைச் சுவருக்கு வெளியே கொண்டுவந்து பேசவைத்தது எந்தச் சாமியும் இல்லை. நடந்து போகும் தூரத்தில், கட்டணம் கேட்காமல், சோறும் போட்ட ஒரு பள்ளிக்கூடம்.

நடந்து போகும் தூரம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் இப்போது சிறிய பள்ளிகளுக்கு எதிராக ஒரு வாதம் வலுக்கிறது. இருபது முப்பது பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியா, செலவு கட்டுமா, நாலைந்தைச் சேர்த்து ஒன்றாக்கினால் என்ன என்கிறார்கள். தேசியக் கல்விக் கொள்கை ஆவணமே முப்பதுக்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளிகளைப் பொருளாதார ரீதியாக உகந்தவை அல்ல என்று பேசுகிறது. பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள் என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் தூரம். வரைபடத்தில் மூன்று கிலோமீட்டர் எல்லோருக்கும் ஒன்றுதான். சாலையில் அப்படி இல்லை. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பட்டியல் சாதி மாணவர் ஒருவரைக் கீழே இழுத்துப் போட்டு வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. 2023இல் நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2024இல் அறிக்கையும் வந்து, அதற்குப் பிறகு நடந்தது இது. பள்ளிக்குப் போகும் வழியில் எந்தத் தெருவைக் கடக்க வேண்டும் என்பதுதான் எங்கள் பக்கத்தில் தூரத்தின் அளவு. பட்டியல் சாதிக் குடியிருப்பில் இருக்கும் பள்ளியை மூடிப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்தால், ஆண்பிள்ளை பயந்துகொண்டு போவான். பெண்பிள்ளையை அனுப்பவே மாட்டார்கள். பள்ளி இணைப்பால் மிச்சமாகும் செலவு அந்தப் பெண்ணின் படிப்பு.

இனி, பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள்? ஒரு நாள் என் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன்: "நீங்க அரசுப் பள்ளியில படிச்சு, உங்க அண்ணனோ தம்பியோ தனியார் பள்ளியில படிச்சவங்க கை தூக்குங்க." முதலில் நாலு கை. பிறகு ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டே வகுப்பில் பாதிக்கு மேல் தூக்கினார்கள். "இதுக்குத் தலைகீழா யாராவது?" என்றேன். ஒரு கையும் இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "மேம், அவனுக்கு வேன் வரும். எனக்கு அரசாங்கம் சைக்கிள் குடுக்கும்னு எங்க அப்பா சொன்னாவ" என்றாள். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

இது ஆய்வு அல்ல, ஒரு வகுப்பறை மட்டும். ஆனால் ஊரில் கண் திறந்து நடப்பவர்களுக்கு இது புதிதும் அல்ல. காலை எட்டு மணிக்கு மஞ்சள் வேனில் ஏறுகிறவர்கள் யார், தெருவோரம் நடக்கிறவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். கையில் காசு கொஞ்சம் வந்ததும் குடும்பம் முதலில் ஆண்பிள்ளையைத்தான் அரசுப் பள்ளியிலிருந்து எடுக்கிறது. பட்டியல் சாதிப் பிள்ளைகள், பெண்பிள்ளைகள், தகப்பன் இல்லாத பிள்ளைகள் அங்கேயே தங்குகிறார்கள். ஆகவே அரசுப் பள்ளிக்கான நிதி என்பது நடைமுறையில் பெண்பிள்ளைகளுக்கான நிதி. அதை வெட்டுகிறவர் தில்லியில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்ணின் பங்கைத்தான் வெட்டுகிறார்.

புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறதே என்பார்கள். 2022 செப்டம்பரிலிருந்து என் மாணவிகள் வாங்குகிறார்கள். அந்த ஆயிரத்தை யாரும் அவர்களிடமிருந்து பிடுங்கக் கூடாது. ஆனால் அது கல்லூரி வாசல்வரை வந்து சேர்ந்தவளுக்கான பணம். ஒன்பதாம் வகுப்பில் மாதத்தில் மூன்று நாள் வீட்டில் உட்கார்ந்து, கணக்குப் பாடத்தைத் தவறவிட்டு, தவறவிட்டதால் பயந்து, பயந்ததால் நின்றுபோனவள் கல்லூரி வாசலுக்கு வருவதில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவும் தண்ணீர் வரும் ஒரு குழாயும். புதுயுகம் திட்டத்தில் நாப்கின் கொடுக்கிறார்கள். மாற்ற இடம் இல்லாவிட்டால் நாப்கினை வைத்து என்ன செய்வது? கல்வி உரிமைச் சட்டம் 2009 ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது. கட்டிவிடுகிறார்கள். கழுவுவதற்கு ஆள் போடுவதில்லை. கட்டடம் திறப்பு விழாவுக்கு வரும், கழுவுகிறவளுக்கு விழா ஏது? பல இடங்களில் கழுவுகிறவளும் ஒரு பட்டியல் சாதிப் பெண்ணாகத்தான் இருக்கிறாள் என்பதையும் பெண்ணியம் பேசுகிற நாம் சேர்த்தே சொல்ல வேண்டும். தலைமையாசிரியையின் கைப்பையைப் பற்றி மட்டும் அழுதுவிட்டு அவளை மறந்தால் இந்தக் கட்டுரையும் பாதிப் பொய்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் ஊர் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி கரை மீறியது. செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ஏறத்தாழ 800 பயணிகளோடு நின்றுபோனது. தண்டவாளத்தின் கீழே மண் இல்லை. பயணிகளில் சுமார் 300 பேரைப் பக்கத்துப் பள்ளியில் தங்கவைத்தார்கள். புதுக்குடி மக்கள் சோறு பொங்கிப் போட்டார்கள். நாடே அந்தச் செய்தியைப் பார்த்தது. வெள்ளம் வந்தாலும் தேர்தல் வந்தாலும் தடுப்பூசி போட்டாலும் ஊரில் எல்லோரும் ஓடுவது பள்ளிக்கூடத்துக்குத்தான். என் தோழியின் பள்ளியிலும் தண்ணீர் புகுந்தது. வடிந்த பிறகு முழங்கால் அளவு சேறு. அவளும் சத்துணவு அக்காவும் பிள்ளைகளின் அம்மாக்கள் ஆறு பேரும் நாலு நாள் வாரினார்கள். அந்த அம்மாக்களின் சொந்த வீட்டிலும் சேறு கிடந்தது. கூலி யாருக்கும் கிடையாது. கடைசி நாள் வந்த ஒரு அதிகாரி, "பெண்கள் நினைச்சா எதையும் செய்வாங்க" என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போனாராம்.

நினைச்சா செய்வாங்க. நம்மை வேலை வாங்குவதற்கென்றே செய்த வாக்கியம் இது. வீட்டில் அம்மாவிடம் சொன்னதையே பள்ளியில் டீச்சரிடம் சொல்கிறார்கள். இல்லம் தேடிக் கல்வியில் மாலை நேரம் பாடம் சொல்லிக்கொடுத்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்து, 'தன்னார்வலர்' என்று பெயர் வைத்தார்கள். ஊழியர் என்று சொன்னால் ஊதியம் கொடுக்க வேண்டும். தன்னார்வலர் என்றால் பாராட்டுச் சான்றிதழ் போதும். நன்கொடையும் இதே வகைதான். 2022இல் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று தொடங்கி முன்னாள் மாணவர்களிடமும் நிறுவனங்களிடமும் நிதி திரட்டுகிறார்கள். காமராஜர் காலத்திலும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் கூடிக் கொடுத்தது. கொடுப்பது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிறுவனங்கள் பெயர்ப்பலகை தெரிகிற இடமாகப் பார்த்துக் கொடுக்கும். சாலையோரப் பெரிய பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வரும். வாழைத்தோப்புக்கு நடுவே இருக்கும் இருபத்தேழு பிள்ளைகளின் பள்ளிக்கு யாருடைய பலகையும் வராது. உரிமையாக வர வேண்டியதை நன்கொடையாக வாங்கப் பழகினால், கொடுக்காதவரைக் கேள்வி கேட்க முடியாது.

அதனால் என் பேச்சை என் மாணவிகளிடமும் என் தோழியைப் போன்ற ஆசிரியைகளிடமும் திருப்புகிறேன்.

ஆசிரியைகளே, அந்த நோட்டைக் கைப்பையில் ஒளித்துவைக்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் வாசியுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கையெழுத்து வாங்க மட்டும் அந்த அம்மாக்களைக் கூப்பிடாமல், கணக்கைக் கையில் கொடுங்கள். வீட்டில் சிட்டைக் கணக்குப் போட்டுக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடத்துக் கணக்கு புரியாமல் போகாது. "இந்த ஆண்டு அரசு தந்தது இவ்வளவு, என் சம்பளத்திலிருந்து போனது இவ்வளவு" என்று தீர்மானமாக எழுதி அனுப்புங்கள். ஒரு பள்ளி எழுதினால் தலைமையாசிரியைக்கு மெமோ வரும். ஒன்றியத்தில் உள்ள எல்லாப் பள்ளிகளும் எழுதினால் அது ஆவணம்.

மாணவிகளே, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் கூடுகின்றன. உங்கள் ஊரில் ஒன்றுக்காவது போங்கள். நான்கு கேள்விகள் போதும். நம் பள்ளிக்கு மானியம் எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது? கழிப்பறை கழுவுகிறவருக்கு மாதம் என்ன கொடுக்கிறீர்கள்? சமைக்கிற அக்காவுக்கு என்ன சம்பளம்? டீச்சர் தன் கையிலிருந்து எவ்வளவு போட்டார்? கேட்டால் முதலில் சிரிப்பார்கள். 'படிச்ச திமிரு' என்பார்கள். ஆமாம், அந்தப் பள்ளியில் படித்த திமிர்தான்.

கோரிக்கைகளும் எளிமையானவை. தலைக்கணக்குப் பார்க்காமல் ஒவ்வொரு பள்ளிக்கும் தண்ணீர், மின்சாரம், தூய்மைக்கு ஆகும் உண்மைச் செலவை அடிப்படை மானியமாகத் தர வேண்டும். சமையல் அக்காவுக்கும் தூய்மைப் பணியாளருக்கும் வாழ்வதற்கான ஊதியம் வேண்டும். பகுதிநேர ஆசிரியர்களுக்குப் பன்னிரண்டு மாதமும் சம்பளம், கொடுத்த வாக்குப்படி பணி நிரந்தரம். ஒன்றியப் பங்கை எந்த ஒப்பந்தத்தோடும் முடிச்சுப் போடக் கூடாது. பெண்பிள்ளையின் கழிப்பறைத் தாழ்ப்பாள் இரண்டு அரசுகளின் பேரத்தில் பணயமாக இருக்கக் கூடாது.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்துத் தோழியிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எல்லாம் சரிதாம்ட்டி. ஆனா நாளைக்குப் பினாயில் தீந்துபோச்சே, வாங்காம இருக்க முடியுமா? பிள்ளைங்கல்ல போவுது."

முடியாதுதான். வாங்கு. ஆனால் ரசீதை இந்த முறை வீட்டில் காட்டாதே. ஊர் முன்னால் காட்டு.